சீட்டில் விழுந்த வீடு

நந்தினியின் தலைப்பிரசவம் எந்த வீட்டில் என்பதற்கு அவள் அம்மா வினோதாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. பெண்ணைப் பெற்றவள் வீட்டில். ஆரம்பாக்கத்தில் இருந்த நந்தினியின் மாமியார் முத்தம்மாளிடமும் ஒரே பதில்தான் இருந்தது.

“தண்ணிக்கு நடுவுல ஓலக் குடிச. கக்கூசுக்கு சவுக்குத் தோப்பு. அங்க அனுப்பி என் பேரப்புள்ளய பாம்புக்குக் குடுக்கவா? கல்லுச் சொவுரு வெச்ச ஊடு, உள்ளயே பாத்ரூமு, ரெண்டும் இருந்தா வந்து கூட்டினு போவச் சொல்லு.”

நந்தினி போனில் இதை ஒரு சொல் குறைக்காமல் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த வினோதாவுக்குக் கோபம் வரவில்லை. நிபந்தனை என்று ஒன்று சொல்லிவிட்டார்களே, அதுவே வழி விட்ட மாதிரிதான் என்று நினைத்தாள்.

நந்தினி கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போனவள். தீனா அங்கே சூப்பர்வைசர். சொந்த நெல் வயல் உள்ள குடும்பம், வேறு ஜாதி. இருவரும் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு வந்து நின்றபோது முத்தம்மாள் மகனை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். மருமகள் வாசலில் நின்று ஒரு மழை முழுதும் நனைந்து முடித்த பிறகுதான் அவளுக்கும் கதவு திறந்தது. வினோதாவை முத்தம்மாள் சம்பந்தி என்று ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. “மீன்காரம்மா வந்துக்குது பாரு” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள். காபி வரும், எவர்சில்வர் டம்ளரில் அல்ல, பேப்பர் கப்பில்.

வினோதாவின் ஊர் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவு. படகில்தான் போகவேண்டும். புருஷன் மணவாளன் வலை போடுவான். அவன் கொண்டுவந்ததை அவள் கூடையில் எடுத்துக்கொண்டு பொன்னேரி வரை போய் விற்பாள். முழங்கால் தேய்ந்துபோய்க் கூடை தூக்க முடியாமல் உட்கார்ந்த வருஷம்தான் அன்புசெல்வன் தீவுக்கு வந்தான். அவனிடம் அவளுக்குச் சமையல் வேலை கிடைத்தது.

அன்புசெல்வன் சென்னைக்காரன். நகரத்து ஆட்களை நாலு நாளைக்குத் தீவுக்குக் கூட்டி வருவது அவன் தொழில். விடுமுறையும் சேவையும் ஒரே டிக்கெட்டில். காலையில் வெயில் ஏறும்வரை ஊருக்கு ஏதாவது செய்வார்கள். பிறகு படகு, பூநாரை, நண்டு வறுவல், தோப்பில் கட்டிய ஊஞ்சலில் தூக்கம். ஒரு கூட்டம் பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வண்ணம் அடித்தது. இன்னொரு கூட்டம் குப்பாயி வீட்டுக்குக் கக்கூஸ் கட்டியது. குழி தோண்டி மூன்று பக்கம் சுவர் எழுப்பியதும் அவர்களுடைய நாலு நாள் முடிந்துவிட்டது. நாலாவது பக்கத்துக்குக் குப்பாயி பழைய சேலையைக் கட்டி வைத்திருந்தாள்.

யார் வீட்டுக்கு என்ன செய்வது என்று சண்டை வராமலிருக்க ஊர் ஒரு முறை வைத்திருந்தது. புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. ஏரியில் வலை போடும் முறையைப் பாடு என்பார்கள். எந்த நாளில் எந்த இடம் யாருக்கு என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். தன் பாடு வரும் நாளில் மழை வந்தாலும், படகு உடைந்தாலும், வலை வெறுமையாக வந்தாலும் அந்தப் பாடு போனதுதான். எல்லாருக்கும் ஒரு சுற்று முடிந்து மறுபடி சீட்டுப் போடும்வரை வாயைத் திறக்கக் கூடாது. டூர்காரர்கள் செய்யும் தர்மத்துக்கும் ஊர்த் தலைவர் விஜயகுமார் அதே சீட்டைக் குலுக்கினார்.

அரைகுறைக் கக்கூஸை முடித்துத் தரச் சொல்லிக் குப்பாயி ஊர்க் கூட்டத்தில் அழுதபோது, எழுந்து நின்று சட்டம் பேசியவள் வினோதாதான்.

“பாடு போச்சின்னா போச்சி. நெத்திலி கூட வராத நாளு எங்க ஊட்டுக்கு எத்தினியோ. ஒனக்கு மட்டும் இன்னா, தனியா ஏரி வெட்டி வெச்சிக்குதா?”

கூட்டம் சிரித்தது. குப்பாயி மூக்கைச் சிந்திவிட்டுப் போய்விட்டாள். அடுத்த சீட்டு வினோதாவின் பெயரில் விழுந்தது. இந்த முறை வருகிற கூட்டம் ஒரு குடும்பத்துக்கு முழு வீடே கட்டித் தரப்போகிறது என்று அன்புசெல்வன் ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

அன்றைக்கே வினோதா ஆரம்பாக்கத்துக்குப் போன் போட்டாள். “சொவுரு ஊடு வருது. பாத்ரூமும் வருதுன்னு ஒன் மாமியார்கிட்ட சொல்லு. வளைகாப்பு முடிஞ்ச கையோட வந்து கூட்டினு வந்துருவேன்.”

குப்பாயி கதை தன் வீட்டுக்கு நடக்காது என்று அவள் உறுதியாக இருந்தாள். குப்பாயி தன் வீட்டில் வேலை செய்தவர்களுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள், அதனால்தான் வேலை பாதியில் நின்றது என்பது அவள் கணக்கு. இவள் நண்டும் இறாலும் காரம் குறைத்து ஆக்கிப் போடப்போகிறாள்.

கூட்டம் வந்து இறங்கியது. சென்னைப் பிள்ளைகள், பெங்களூர்ப் பிள்ளைகள், இரண்டு வெள்ளைக்காரர்கள். குடிசையைச் சுற்றி வந்து கன்னத்தில் கை வைத்து ஐயோ என்றார்கள். மணவாளன் அன்புசெல்வனைத் தனியே கூப்பிட்டான்.

“சார், பக்கத்துலயே எடம் இருக்குது. அங்க கட்டட்டும். கட்டி முடிச்சதும் இத நானே பிரிச்சிர்றேன்.”

“பிரிக்கிறதுதாண்ணா மொத நாள் ப்ரோக்ராமே. பசங்க அதுக்குத்தான் க்ளவுஸ் வாங்கினு வந்துருக்காங்க.”

“நாலு நாள்ல ஆவுமா சார்?”

“இத்தினி பேர் இருக்காங்க, பாருங்க.”

மணவாளன் பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் கண்ணில் பாத்ரூம் கதவே தெரிந்தது. “ஒனக்கு எதுலயும் சந்தேகம்தான்யா. போய் சாமானத்த எடுத்து வெளிய வையி” என்றாள்.

பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டே ஓலையை உருவினார்கள். மண்சுவரை எட்டி உதைத்துத் தள்ளியவனுக்குக் கைதட்டினார்கள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டு இன்னொரு சுவரையும் உதைத்தான். இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்த வீடு, சோறு வடிப்பதற்குள் தரையாகிவிட்டது. இடிப்பதற்கு முன்பு ஒரு பெண் வினோதாவை வாசலில் நிற்க வைத்துப் படம் எடுத்திருந்தாள். “சிரிக்காதீங்க ஆன்ட்டி, சும்மா நில்லுங்க” என்றாள். வினோதா சிரிக்காமல் நின்றாள்.

மறுநாள் படகில் வந்த செங்கல்லை வரிசையாக நின்று கைமாற்றிக் கரை சேர்த்தார்கள். கொத்தனார் என்று யாரும் இல்லை. போனில் பார்த்துக் கல் வைத்தார்கள். மூன்றாம் நாள் பூநாரை பார்க்கப் போனார்கள். நாலாம் நாள் காலையில் பாதிப் பேருக்கு வயிறு சரியில்லை. சுவர் இடுப்பு உயரத்தில், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

அன்று சாயங்காலம் ஏரிக்கரையில் வழியனுப்பு விழா. தீ மூட்ட விறகு வேண்டும் என்றார்கள். பழைய வீட்டின் பனஞ்சட்டமும் ஓலையும் காய்ந்து குவிந்து கிடந்தன. மணவாளன் ஓடிவருவதற்குள் பாதி எரிந்துவிட்டது. மீதியை அவன் இழுக்கப் போக, உதவிக்கு வருகிறான் என்று நினைத்து இரண்டு பையன்கள் அதையும் தூக்கித் தீயில் வைத்தார்கள். அந்தத் தீயில்தான் வினோதா அவர்களுக்கு மீன் சுட்டுக் கொடுத்தாள்.

போகும்போது படம் எடுத்த பெண் கட்டிப்பிடித்து அழுதாள். “எவ்ளோ அழகான இடத்துல இருக்கீங்க ஆன்ட்டி. நீங்க ரொம்ப லக்கி.”

“வீடு?” என்றாள் வினோதா.

“நெக்ஸ்ட் க்ரூப் முடிச்சிடுவாங்க ஆன்ட்டி.”

அடுத்த கூட்டம் மூங்கிலில் பறவை பார்க்கும் மேடை கட்ட வந்தது. வினோதா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அன்புசெல்வன் எதிரில் போய் நின்றாள்.

“அக்கா, புரிஞ்சிக்கங்க. ஒவ்வொரு க்ரூப்பும் புதுசா ஒண்ணு ஆரம்பிக்கணும்னு ஆசப்பட்டு வராங்க. யாரோ விட்டுட்டுப் போன சொவத்த பூசறதுக்கு யாராவது டூர் வருவாங்களா?”

“என் பொண்ணு புள்ளப்பேறுக்கு வரணும் சார்.”

“கங்கிராட்ஸ்க்கா. நம்ம டென்ட் ஒண்ணு பழசு இருக்குது, எடுத்துக்கங்க.”

அவள் விஜயகுமாரிடம் போனாள். ஊரே சேர்ந்து ஒரு கூரையாவது போட்டுத் தரவேண்டும் என்று கேட்டாள். அவர் வெற்றிலையை மென்று துப்பினார்.

“நீதானம்மா குப்பாயிக்கு சட்டம் சொன்ன. ஒனக்கு மாத்திச் சொன்னா அவ என் சட்டயப் புடிக்க மாட்டாளா?”

“அவளுது கக்கூசுண்ணா. எனக்கு இருக்கவே எடம் இல்ல.”

“ஒன் பாடு வந்துது, போச்சி. சுத்து முடியட்டும்.”

மணவாளன் கடன் சொல்லிப் பொன்னேரியிலிருந்து கொத்தனாரைக் கூட்டி வந்தான். அவர் சுவரைக் காலால் தட்டினார். இரண்டு கல் விழுந்தது. “அஸ்திவாரமே இல்லியே நைனா. மொத்தத்தியும் தள்ளிட்டுத்தான் ஆரம்பிக்கணும். யார் கட்டுனது, குருவியா?” என்று கேட்டுவிட்டு, சாப்பிட்டு, அடுத்த படகில் போய்விட்டார்.

இருவரும் டென்ட்டில் குடியிருந்தார்கள். நந்தினியிடம் வினோதா எதையும் சொல்லவில்லை. வேலை நடக்கிறது, பூசப்போகிறார்கள், கதவு வரப்போகிறது என்று வாரத்துக்கு ஒரு பொய். வளைகாப்புக்கு முன்பாக எப்படியாவது தகரமாவது போட்டுவிடலாம், வந்த பிறகு பெண் பெற்றவளை விட்டுக்கொடுக்க மாட்டாள் என்பது அவள் நம்பிக்கை.

வளைகாப்பு நாளில் மஞ்சள், குங்குமம், வளையல், ஐந்து வகைச் சாதம், பெரிய தூக்கில் இறால் தொக்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஆரம்பாக்கத்துக்குப் போனாள். மணவாளனைப் படகுடன் கரையில் இருக்கச் சொல்லியிருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கண்டவன் படகில் ஏற்ற அவளுக்கு மனசில்லை.

பெண்கள் வளையல் போட்டு முடித்தார்கள். வினோதா பெண்ணின் துணிப் பையைத் தேடினாள்.

“எதுக்கு அது?” என்றாள் முத்தம்மாள்.

“கூட்டினு போவத்தான் சம்பந்தியம்மா. நல்ல நேரம் போவறதுக்குள்ள...”

“எங்க? டென்ட்டுக்கா?”

முத்தம்மாள் தீனாவின் போனை வாங்கி, கூடியிருந்த பெண்கள் எல்லாரும் பார்க்கும்படி நீட்டினாள். சிரிக்காமல் நின்ற வினோதா. பின்னால் குடிசை. கீழே, வீடற்ற ஏழைக் குடும்பத்துக்கு எங்கள் விடுமுறையில் ஒரு வீடு கொடுத்தோம் என்று எழுதியிருந்தது.

“இவன் கம்பெனில கேன்டீன் பூரா இதத்தான் பாக்கறானுங்க. ஒன் மாமியாருக்கு பிச்ச போட பெங்களூர்லேந்து வராங்களாமேன்னு கேக்கறானுங்க. எம்புள்ள மூணு நாளா வேலைக்குப் போவல.”

தீனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீங்கதான சொவுரு ஊடு கேட்டீங்க?” என்று கேட்டாள் வினோதா.

“கட்டச் சொன்னேன். வாங்கி வெச்சிக்கச் சொன்னனா? நாள பின்ன என் பேரன, தர்ம ஊட்ல பொறந்தவன்னு சொல்லுவாங்க. அந்த ஊடாச்சும் இருக்குதா? ஆளு வுட்டுப் பாத்துட்டேன். முட்டி ஒசரம் சொவுரு இருக்குது.”

“இடுப்பு ஒசரம்” என்றாள் வினோதா. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வினோதா மகளிடம் திரும்பினாள். நந்தினி முழங்கை வரை வளையலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

“நீ சொல்லு பாப்பா. அம்மா பாத்துக்க மாட்டனா? குப்பாயி ஊட்ல ஒரு பக்கம் கேக்கறேன். பள்ளிக்கூடத்துல கேக்கறேன்.”

“எதுக்கும்மா என்ன பேஜாரு பண்ற?” நந்தினி அழாமல் சொன்னாள். “இருந்த குடிசையே போதும்னு நான் இவங்ககிட்ட சண்ட போட்டுனு இருந்தேன். அத்தயும் நீயே பிரிச்சிக் குடுத்துட்ட. கட்றாங்க, பூசறாங்கன்னு எங்கிட்ட பொய் வேற. நான் வரல. ஆஸ்பத்திரிக்கு வந்து பாரு.”

“தனியா வா. ஒன் ஊட்டுக்காரன கூட்டினு வராத” என்று முத்தம்மாள் சேர்த்துச் சொன்னாள். பிறகு தூக்கை வினோதாவின் கையில் திணித்தாள். “இதயும் எடுத்துனு போ. ஊடே நாறுது.”

பழவேற்காட்டுக் கரையில் மணவாளன் காலையிலிருந்து காத்திருந்தான். படகைக் கழுவி, மீன் வாடை போக ஊதுபத்தி செருகி, பலகைமேல் தலையணை ஒன்றைப் போட்டுத் துண்டு விரித்து வைத்திருந்தான். வினோதா இறங்கி வந்ததும் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். பஸ் காலியாகித் திரும்பும்வரை பார்த்தான்.

“பாப்பா எங்க?”

“அவ ஊட்ல இருக்கா.”

வினோதா தலையணையைக் கீழே தள்ளிவிட்டு வெறும் பலகையில் குந்தினாள். அவன் கோலை ஊன்றிப் படகைத் தள்ளினான்.