தேக்கு அல்ல, வேங்கை

எங்கள் வீட்டில் மரத்துக்குப் பஞ்சமில்லை. மதுரைக்கு வெளியே பரவையைத் தாண்டி, திண்டுக்கல் சாலையில் அப்பா பழைய மரக்கடை வைத்திருக்கிறார். இடிக்கும் வீடுகளிலிருந்து கதவு, ஜன்னல், உத்தரம் என்று வாங்கி வந்து, ஆணி பிடுங்கி, இழைத்து விற்பார். வெட்டி மிஞ்சும் துண்டுகள் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் குவிந்து கிடக்கும். டீக்கடைக்காரர்கள் அடுப்புக்கு அள்ளிப் போவார்கள். நான் கித்தார் செய்யத் தொடங்கியது அந்தக் குவியலை நம்பித்தான்.

இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கல்லூரி விடுதியில் கித்தார் வாசிக்கப் பழகியிருந்தேன். வாசிப்பில் நான் சுமார். ஆனால் அந்தப் பெட்டி எப்படி ஒலிக்கிறது, எந்தப் பகுதி எந்த விசையைத் தாங்குகிறது என்பதில் எனக்குத் தீராத ஆர்வம். ஒன்றைச் செய்து பார்த்தால்தான் அது அடங்கும் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகையில் உட்கார ஆரம்பித்தேன்.

ஒரு கித்தாருக்கு ஒரே மரம் போதாது. மேல்பலகை லேசாக இருக்க வேண்டும். கழுத்து, கம்பிகளின் இழுவைக்கு வளையாமல் நிற்க வேண்டும். விரல் படும் பட்டை தேயக் கூடாது. பக்கவாட்டில் வரும் விலாப் பலகைகளை அட்டை கனத்துக்குச் சீவி, தண்ணீரில் ஊறவைத்து, சூடான குழாயில் வைத்து வளைக்க வேண்டும். வளைகிற மரமாக இருந்தால் வளையும், இல்லையென்றால் படீரென்று முறியும். ஆக, கையில் இருப்பது என்ன மரம் என்று தெரிந்தே ஆக வேண்டும். அப்பாவின் கடையிலோ மரம் மூன்றே வகை: தேக்கு, பர்மா தேக்கு, நாட்டு மரம். பழைய வீட்டிலிருந்து வந்து, கொஞ்சம் கறுத்து, கொஞ்சம் கனமாக இருந்தால் அது பர்மா தேக்கு. மதுரையில் பழைய மரம் விற்கிற எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வாங்குகிறவர்களும் அதைக் கேட்கத்தான் வருவார்கள்.

முதலில் நான் இணையத்தில் படங்களைப் பார்த்து மரம் கண்டுபிடிக்கப் பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருந்த ஒரு பலகையை மஹோகனி என்று முடிவு செய்து, கழுத்துக்கென்று கோடு போட்டு அறுத்தேன். பாதி அறுப்பதற்குள் தூள் தொண்டையில் இறங்கி வாயெல்லாம் கசந்தது. வேம்பு. கடையில் வேலை பார்க்கும் ஆசாரி வாரம் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தார்.

"வேப்ப மரத்துல கித்தாரு செஞ்சா பாட்டு கசக்காதா பாப்பா?"

அதன் பிறகு படங்களை விட்டுவிட்டேன். தொழிற்சாலையில் அளவு கருவியைச் சரிபார்க்க, அளவு உறுதியாகத் தெரிந்த ஒரு துண்டை வைத்திருப்போம். மாஸ்டர் பீஸ் என்போம். மரத்துக்கும் அதுதான் வழி. எந்த மரமென்று சந்தேகமே இல்லாத துண்டுகளைச் சேர்த்தேன். மாட்டுக்கொட்டம் பிரித்த இடத்திலிருந்து பூவரசு, ரோட்டோரம் வெட்டிய தூங்குமூஞ்சி, உடைந்த உலக்கையிலிருந்து கருவேலம், அப்புறம் மா, வேம்பு, தேக்கு. ஒவ்வொன்றின் வெட்டுமுகத்தையும் புது பிளேடால் சீவி, லென்ஸில் பார்த்தேன். தெரியாத துண்டு வந்தால் வரிசை மாறாமல் நான்கு சோதனை: ஒரே அளவுத் துண்டின் எடை, புதிதாகச் சீவியதும் வரும் வாசம், வெட்டுமுகத்தில் துளைகள் நிற்கும் விதம், தண்ணீரில் ஊறினால் என்ன விடுகிறது. நான்கும் ஒத்துப்போனால்தான் பெயர். இல்லையென்றால் "தெரியாது" என்று சாக்பீஸில் எழுதி ஓரமாக வைப்பேன். அந்த ஓரத்தில்தான் வெகுநாள் நிறையத் துண்டுகள் இருந்தன.

அந்தச் சமயத்தில் அப்பாவுக்கு நல்ல வேலை ஒன்று வந்திருந்தது. பசுமலைப் பக்கம் வீடு கட்டும் ஒரு சௌராஷ்டிரத் தம்பதி, ஜவுளி வியாபாரம் செய்கிறவர்கள், வாசல் நிலையும் கதவும் கேட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு கால், மேல்படி, கீழ்ப்படி, கதவு எல்லாம் ஒரே மரமாக இருக்க வேண்டும். ஒரு வாசலில் இரண்டு மரம் கலந்தால் குடும்பம் ஒட்டாது என்பது அவர்கள் நம்பிக்கை. எங்கள் பக்கத்திலும் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. இடித்த பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றிலிருந்து வந்த உத்தரங்களுக்கு முன்னால் அப்பா அவர்களை நிறுத்தி, "அம்புட்டும் பர்மா தேக்கு" என்று வாக்குக் கொடுத்திருந்தார். அப்பாவின் வியாபாரத்தில் ரசீதைவிட வாக்குதான் பெரிது. பேரையூரிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர், அந்த வாக்கை வைத்தே கடையை நிலைநிறுத்தினார்.

நிலைக்கால்களை அளவுக்கு அறுத்து மிஞ்சிய நுனிகளை ஆசாரி எனக்கென்று எடுத்து வைத்தார். ஒவ்வொன்றிலும் எந்தக் காலின் துண்டு என்று அவர் போட்ட குறி இருந்தது. விலாப் பலகைக்கு வளைத்துப் பார்க்கலாம் என்று இரண்டிலிருந்தும் மெல்லிய பட்டைகள் சீவி, இரண்டு எவர்சில்வர் கிண்ணத்தில் தனித்தனியாக ஊறப்போட்டேன். மறுநாள் காலை வெயிலில் பார்த்தால், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் லேசாக மங்கியிருந்தது, அவ்வளவுதான். இன்னொன்றில் டீ நிறம். கிண்ணத்தைச் சாய்த்ததும் அந்த டீ நிறத்தின் விளிம்பில் நீலம் மினுங்கியது. மயில் கழுத்து நீலம்.

தேக்குக்கு நீலம் கிடையாது. என் தேக்குத் துண்டை ஊறப்போட்டு எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். லென்ஸை எடுத்தேன். தேக்கில் பெரிய துளைகள் ஆண்டு வளையத்தை ஒட்டி வரிசை கட்டி நிற்கும். இதில் அப்படி ஒழுங்கு இல்லை. எடையும் கூடுதல். சீவினால் தேக்கின் எண்ணெய் கலந்த தோல் வாசம் வரவில்லை. சர்க்கரை நோய்க்கு வேங்கை மரக் குவளையில் தண்ணீர் ஊற்றிவைத்துக் குடிப்பவர் ஒருவர் எங்கள் தொழிற்சாலையில் இருக்கிறார். அவர் குவளைத் தண்ணீர் நீலமடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். என்னிடம் வேங்கைக்கு மாஸ்டர் பீஸ் இல்லை. வேலை முடிந்து டவுனுக்குப் போய், நாட்டு மருந்துக் கடையில் அப்படி ஒரு குவளை வாங்கிவந்தேன். அதன் அடிப்பாகத்தைச் சீவிப் பார்த்தேன், ஊற்றியும் பார்த்தேன். அதே துளை, அதே நிறம், அதே நீலம்.

உறுதியானதும் முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். வேங்கை, கித்தாரின் முதுகுக்கும் விலாவுக்கும் கிடைத்தற்கரிய மரம். அதற்குப் பிறகுதான் ஆசாரியின் குறி கண்ணில் பட்டது. இடது கால். ஒரு வாசலில் இரண்டு மரம்.

அப்பாவிடம் சொல்வதற்கு முன் வலது கால், இரண்டு படி, கதவுப் பலகைகள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். எல்லாம் தேக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு கிண்ணங்களையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அப்பா குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார்.

"கித்தாரு செய்யப்போறேன்னுட்டு என் யாவாரத்தச் செஞ்சுவிட்டுருவ போலயே ஆத்தா" என்றார். கோபமில்லை. கிண்ணத்தை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார். "எம்புட்டு உறுதி?"

"தேக்கு இல்லங்கிறது முழுசா உறுதிப்பா. வேங்கைங்கிறது நூத்துக்குத் தொண்ணூறு."

இழைப்புளியை நிறுத்திவிட்டு ஆசாரி சொன்னார்: "வேங்கையும் நிலைக்கு ஆகுற மரந்தானண்ணே. வார்னிஷ் அடிச்சுட்டா ரெண்டும் ஒண்ணுதான், எவன் கண்டான்?"

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நானும் அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா போனை எடுத்து, அந்த ஜவுளிக்காரரைச் சாயங்காலம் கடைக்கு வரச் சொன்னார்.

அவர்கள் வந்ததும் அப்பா சுற்றி வளைக்கவில்லை. நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே, ஒரு கால் வேறு மரம், தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்து, அவர்கள் வீட்டுப் பாஷையில் பேச ஆரம்பித்தார்கள். எங்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவர் குரல் ஏறுவதும் அந்தம்மா குரல் இறங்குவதும் மட்டும் கேட்டது. அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

கடைசியில் அந்தம்மா என் பக்கம் திரும்பி, எப்படிப் பார்த்தேன் என்று கேட்டார். மேற்கு வெயில் இன்னும் இருந்தது. கிண்ணத்தைச் சாய்த்துக் காட்டினேன். லென்ஸைக் கொடுத்து இரண்டு வெட்டுமுகத்தையும் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடி நெடுநேரம் பார்த்துவிட்டு, லென்ஸைக் கணவரிடம் கொடுத்தார்.

"மத்ததெல்லாம்?" என்று கணவர் கேட்டார்.

"மத்ததெல்லாம் தேக்கு" என்றார் அப்பா.

"பர்மா தேக்குதானே?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஆமென்றும் தலையாட்டவில்லை, இல்லையென்றும் அசைக்கவில்லை.

"பர்மாவான்னு எனக்குத் தெரியாதுங்க. பாத்தவ தேக்குன்னு மட்டுந்தான் சொன்னா. அதுக்கு மேல நானாச் சொல்ல மாட்டேன்."

என் நினைவில், அப்பா ஒரு வாடிக்கையாளரிடம் தெரியாது என்று சொன்னது அன்றுதான். சொன்னபோது அவர் குரல் தாழவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என் சோதனைகளை நினைத்து வந்த பெருமையைவிட அது பெரிது.

நிலை வைக்கும் நாளைத் தள்ள முடியாது என்றார்கள். முகூர்த்தம் குறித்தாயிற்று, சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று. அதற்குள் ஒரு தேக்குக் கால் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறோம், இல்லையென்றால் வேறு கடை. அப்பா சரியென்றார்.

மறுநாள் லீவு போட்டேன். மிச்சமிருந்த உத்தரங்களை அப்பாவும் ஆசாரியும் ஒவ்வொன்றாக உருட்டி வெளியே கொண்டுவந்தார்கள். கரி, சுண்ணாம்பு, பழைய பெயின்ட் எல்லாம் ஏறி எல்லாமே ஒரே மாதிரி இருந்தன. ஆசாரி நுனியில் ஒரு வில்லை அறுத்துக் கொடுப்பார். நான் எடை போட்டு, சீவி, முகர்ந்து, லென்ஸில் பார்த்துச் சொல்வேன். அப்பா சாக்பீஸால் "தே" அல்லது "வே" என்று எழுதுவார். முதல் சில மரங்கள் வரிசையாக "வே". கிட்டங்கி கட்டியவர்கள் கிடைத்ததையெல்லாம் போட்டிருந்தார்கள். தேக்கு வந்தபோது நீளம் போதவில்லை. நீளம் இருந்த ஒன்றில் எனக்குச் சந்தேகம், தெரியாது என்றேன். ஆசாரி பெருமூச்சு விட்டார். அப்பா அதில் கேள்விக்குறி போட்டுவிட்டு, "அடுத்ததப் பாரு" என்றார். பிள்ளையிடம் பேசுகிற தொனி இல்லை அது. எடை போடுகிறவரிடம் பேசுகிற தொனி.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வந்த ஓர் உத்தரத்தில், பிளேடு இறங்கிய உடனே அந்த எண்ணெய் வாசம் வந்தது. வெட்டுமுகத்தில் துளைகள் முத்துக் கோத்த மாதிரி வளையம் வளையமாக நின்றன. தண்ணீரிலும் போட்டுப் பார்க்க வேண்டும் என்றேன். காத்திருந்தார்கள். நீலம் இல்லை. ஒரு பக்கம் ஆணித் துளைகள் வரிசையாக இருந்தன. அந்தப் பக்கத்தைச் சுவருக்குள் போகும்படி திருப்பிக்கொள்கிறேன் என்று ஆசாரி அன்றைக்கே உளியை எடுத்துவிட்டார்.

கழித்த வேங்கைக் காலை அப்பா தானே மரஅறுவை மில்லுக்கு வண்டியில் ஏற்றிப்போய், நான் எழுதிக் கொடுத்த கனத்தில் சீவி வாங்கிவந்தார். "உன்னுது" என்று கொட்டகையில் சாத்தினார். என் கித்தாரின் முதுகும் விலாவும் இப்போது அதுதான். வளைக்கும்போது ஒரே ஒரு பட்டை முறிந்தது. கழுத்து தேக்கு. விரல்பட்டை அந்த உலக்கைக் கருவேலம். தடிமனான கீழ்ச்சுரக் கம்பியை மீட்டினால் ஒலி நான் எதிர்பார்த்ததைவிட நீளமாக நிற்கிறது.

நிலை வைத்த அன்று எங்களையும் அழைத்திருந்தார்கள். பசுமலையின் நிழல் இன்னும் விலகாத காலை. கட்டிக்கொண்டிருந்த வீட்டின் முன் நிலையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக மஞ்சள் பூச வந்தார்கள். கூட்டத்தில் ஒருவர் கால்களைத் தட்டிப் பார்த்து, எல்லாம் ஒரே மரமா, யார் உத்தரவாதம் என்று கேட்டார். ஜவுளிக்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னை முன்னால் விட்டார். எடை, வாசம், துளை, தண்ணீர் என்று நான் நான்கு காரணம் சொன்னேன். கேட்டவர் தலையாட்டிக்கொண்டு நகர்ந்தார்.

அந்தம்மா மஞ்சள் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். வழக்கமாகச் சுமங்கலிகள்தான் பூசுவார்கள், எனக்குக் கல்யாணமாகவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் ஏதோ முணுமுணுத்தார்கள். அவர் தங்கள் பாஷையில் அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தமிழில் எனக்குச் சொன்னார்:

"பாத்துக் குடுத்தது நீதான பாப்பா. இடது காலுக்கு நீயே பூசு."

பூசினேன். அப்பா ஆட்களோடு சேர்ந்து தோள் கொடுக்க, நிலை எழுந்து நின்றது.