பஞ்சவர்ணக்கிளிக்குக் குரல் கொடுத்தவள்

சான் பெத்ரோ சூலா நகரத்தில் நொயெமியின் முகத்தைத் தெரிந்தவர்கள் குறைவு. குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. தெலெமெரெந்தோன் சேனலில் நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒரு பஞ்சவர்ணக்கிளி சிறகை விரிக்குமே, அப்போது "தெலெமெரெந்தோன், உங்க வீட்டுப் பிள்ளை" என்று சொல்வது அவள்தான்.

அதற்கு முன்னால் அந்தச் சேனலின் லோகோ, அட்டையில் வெட்டி ஒட்டிய ஒரு மலை. கவிழ்த்துவைத்த சட்டி போலிருக்கும், கண்றாவி. படப்பிரிவில் இருந்த வில்மர்தான் முதலாளியிடம் மல்லுக்கட்டி, கம்ப்யூட்டரில் இறகு இறகாகக் கிளியை வரைந்தான். குரல் பதிந்த அன்று நொயெமியை அவன் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமில்லை. சிரித்துக்கொண்டே சொல்லு, சிரிப்பு குரலில் கேட்கும் என்று மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை விடவில்லை. பிறகு அவள் மூச்சு விடும் இடம் பார்த்துப் பார்த்து இறகுகளை விரியவிட்டான். கடைசி நீல இறகு "பிள்ளை" என்னும்போதுதான் விரியும்.

பாழாய்ப்போன புற்றுநோய் அவள் தொண்டைக்குத்தானா வர வேண்டும்? உயிரைக் காப்பாற்றக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, கையில் ஒரு சிலேட்டு, அவ்வளவுதான் மிச்சம். டிவியில் மட்டும் அந்தக் குரல் பழையபடி சிரித்துக்கொண்டிருந்தது. முட்டை வாங்கக் கடைக்குப் போனால் அங்கேயும் அவளே பேசினாள். முதலில் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அம்மா எர்லிந்தாவுக்கு மறதி முற்றிய பிறகு நொயெமிக்கு அந்தக் குரலே பிடிப்பாகிவிட்டது. கண்ணும் மங்கிய கிழவிக்கு, பேசாத இந்தப் பெண் யாரோ வேலைக்காரி. "ஏ ஊமை, காப்பியில சர்க்கரை போட்டியா?" என்பாள். கிளி வந்துவிட்டாலோ முகம் மலர்ந்துவிடும். "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் கண்ணு. சாப்ட்டியா?" என்று டிவியைப் பார்த்துக் கேட்ட பிறகுதான் ஸ்பூனைத் தொடுவாள். பின்னால் நிற்கும் நொயெமி தலைகுனிந்து அந்த ஆசீர்வாதத்தை வாங்கிக்கொள்வாள். பெற்றவள் வாயால் மகளாக அவளுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

ஒரு நாள் வில்மர் வந்தான். சேனல் கைமாறிவிட்டதாம். இனிமேல் லோகோ மூன்று கோடுகள், கூடவே இரண்டு மேளத் தட்டு. குரலே கிடையாது, இப்போது அதுதான் பாணியாம். 'அம்மா சாப்பிட மாட்டாளே' என்று நொயெமி சிலேட்டில் எழுதினாள்.

"என் கையில என்ன இருக்கு நொயெமி? என் கிளியையே தூக்கிப் போட்டுட்டாங்க," என்றான் வில்மர். பழைய குரலை அவள் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அடுத்த வாரமே மேளம் வந்துவிட்டது. மதியச் செய்தி முடிந்து இரண்டு தட்டு. எர்லிந்தா காத்திருந்தாள். "என் பொண்ணு இன்னும் பேசலியே," என்றவள் சூப்பைத் தள்ளிவைத்தாள். இரவும் சாப்பிடவில்லை. மறுநாளும் வாயை இறுக்கிக்கொண்டாள். நொயெமிக்குத் தன்னைப் பெற்ற வயிறு பட்டினி கிடப்பதைப் பார்க்கத் தாங்கவில்லை. மேளம் ஓய்ந்ததும் ஏப்ரன் பைக்குள்ளிருந்த போனை அழுத்தினாள்.

"தெலெமெரெந்தோன், உங்க வீட்டுப் பிள்ளை."

கிழவி டிவி பக்கம் திரும்பவேயில்லை. கண் போனால் என்ன, காது போகவில்லையே. கையை நீட்டி நொயெமியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"இது எப்படிடி உன்கிட்ட வந்துச்சு?"

நொயெமி வாயைத் திறந்தாள். கழுத்துத் துளையில் காற்றுதான் வந்தது.

"இது என் பொண்ணு குரல். அவ பொழப்பே இதுலதான் ஓடுது. இது இல்லாம பாவம், அங்க வாயடைச்சுப் போய் நிக்கிறாளோ என்னவோ. ஓடு தாயி, கொண்டுபோய் அவகிட்டயே குடுத்துட்டு வா."

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, கெஞ்சினாள். நொயெமி வாசலுக்குப் போய் மாமரத்தடியில் நின்று அழுதாள். சத்தம் போட்டு அழக்கூட அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"குடுத்துட்டியா?"

அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையசைத்தாள்.

"நல்ல பொண்ணு நீ," என்றாள் எர்லிந்தா. ஸ்பூனைத் தேடி எடுத்து, ஆறிப்போன சூப்பைக் குடிக்கத் தொடங்கினாள்.

குரல் மகளிடமே போய்ச் சேர்ந்துவிட்டது என்ற நிம்மதியில் கிழவி அதற்காகக் காத்திருக்கவுமில்லை. அதன் பிறகு நொயெமி அந்தக் குரலை வீட்டில் ஒலிக்கவிடவேயில்லை.