காப்பர் பெப்டைடும் அம்மாவின் கட்டைவிரலும்

முகப்பூச்சு விற்கும் ஒரு நிறுவனத்துக்காக, கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டிலிருந்தபடியே, பூச்சில் சேரும் பெப்டைடு என்ற புரதத் துணுக்குகளை ஒப்பிட்டு எழுதுவது என் வேலை. காப்பர் பெப்டைடு காயம் ஆற உதவும். பென்டாபெப்டைடு கொலாஜனைத் தூண்டும். ஹெக்ஸாபெப்டைடு, சிரிக்கும்போது விழும் கோடுகளைத் தளர்த்தும். எதற்கு ஆதாரம் அதிகம், எது தோலில் எரியும் என்று கட்டம் போட்டு வைத்திருப்பேன். நிறுவனத்திலிருந்து வரும் குப்பிகளை என் கன்னங்களில்தான் பூசிப் பார்ப்பேன். இடதுக்கு ஒன்று, வலதுக்கு வேறொன்று.

அம்மா கரும்பு வெட்டப் போகிறவள். காய்ந்த சோகை இலைகளை உரித்து உரித்து அவள் விரல் நுனிகள் தேய்ந்துவிட்டன. ரேஷன் கடை மெஷினில் ரேகை விழாமல் ஒருநாள் வெறும் பையோடு வந்தவள், என் மேசைக் குப்பிகளைப் பார்த்தாள்.

"இதெல்லாம் கோடு போறதுக்குத்தான? கோடு வர்றதுக்கு எதுனா கீதா?"

இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் காப்பர் பெப்டைடை எடுத்துக் கொடுத்தேன்.

"இத்தப் போட்டுப் பாரும்மா. வந்தாலும் வரும்."

'பலன் தரக்கூடும்' என்று வேலையில் நான் எழுதும் வரியைத்தான் அப்படிச் சொன்னேன். அம்மா தினமும் படுக்கும்முன் ஒரு சொட்டு தேய்த்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் பை தூக்க என்னையும் அழைத்துப் போனாள். வரிசை முழுக்கக் கேட்கும்படி, "எம்பொண்ணு மருந்து குடுத்துக்கீறா, இப்ப வுழும் பாரு" என்றாள்.

"எனக்கும் ரெண்டு சொட்டு குடுக்கா. ஓடிப்போனவரு திரும்பி வர்றாரான்னு பாக்குறேன்" என்றாள் பின்னால் நின்றவள். எல்லோரும் சிரித்தார்கள்.

விரலை வைத்ததும் மெஷின் ஏற்காமல் கீச்சிட்டது. அம்மா விரலைத் தலைமுடியில் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கோடு மறுபடி வைத்தாள். மறுபடியும் கீச். கடைக்காரர் கார்டைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உன் பேரும் இதுல கீதே பாப்பா. நீ வந்து வெச்சா போதும். இத்தினி நாளா இன்னா பண்ணிக்கினு இருந்த?"

என் பேர் இருப்பது எனக்குத் தெரியும். பையும் கையுமாக அந்த வரிசையில் நிற்கத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

"அவளுக்குக் கம்ப்யூட்டர்ல வேல ஜாஸ்தி சார்" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

விரலை வைத்தேன். உடனே விழுந்தது. அரிசி கொட்டி முடியும்வரை தராசைத் தவிர வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

பையின் ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். பாதி வழியில் அம்மா சொன்னாள்:

"மீதி மருந்த நீயே கைக்குப் போட்டுக்கோ. இனிமே அந்த வெரலத்தான் நாம பத்திரமா வெச்சிக்கணும்."