துரை பங்களாவில் அம்மா குடித்த தேத்தண்ணி

தேயிலை மலையில், லிந்துலைக்கு மேலே இருக்கிற எங்கள் ஹோட்டலை வெளியூர்க்காரர்கள் எந்தப் பேர் சொல்லித் தேடி வந்தாலும், எங்களுக்கு அது துரை பங்களாதான். வெள்ளைக்காரத் துரைமார் போனபின் ஒரு குடும்பம் வாங்கி, மூன்று தலைமுறையாக ஹோட்டலாக நடத்துகிறது. மாலை நாலு மணிக்கு விருந்தாளிகளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே அதன் சரித்திரத்தைச் சொல்வது என் வேலை. எந்தத் துரை கட்டினார், பியானோவை மலைமேல் எப்படித் தூக்கி வந்தார்கள், எல்லாம் தலைகீழாக ஒப்பிப்பேன். ஜன்னலுக்குக் கீழே தெரிகிற மலையில் அம்மா முப்பது வருஷம் கொழுந்து பறித்ததை மட்டும் சொன்னதில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அம்மா ஒருநாளும் இந்த வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. போன மாதம் முதலாளியம்மாவே, "அம்மாவக் கூட்டிட்டு வாங்க, விருந்தாளியா உட்காரட்டும்" என்றார். அவ்வளவுதான், என் நிம்மதி போச்சு. எந்தச் சேலை கட்டுவார், முன்வாசலால் வருவாரா, பழக்கதோஷத்தில் பின்பக்கம், சமைக்கிற குசினி வாசலுக்குப் போய்விடுவாரா? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

முன்வாசலால்தான் வந்தார், என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு. ஜன்னலோரம் உட்காரவைத்து நானே ஊற்றினேன். பக்கத்து மேசையில் கொழும்புக் குடும்பம் ஒன்று. என் கண்ணெல்லாம் அவர்கள் மேல்தான்.

அம்மா ஒரு சீனிக்கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், நாங்கள் அப்படித்தான். சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டே வெறுந்தேத்தண்ணி குடிப்போம்.

"ஐயோ அம்மா, கையில வைக்காதீங்க! ஆளுங்க பாக்குறாங்க."

அம்மாவின் கை சட்டென்று மூடி மடிக்குப் போனது. வேறு சீனியும் எடுக்கவில்லை. கசப்பை அப்படியே குடித்துவிட்டு, "நல்லாருக்கு புள்ள" என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

லயத்துக்குத் திரும்பியதும் அம்மா தண்ணீர் கொதிக்கவைத்து, இரண்டு கோப்பை தேயிலைச் சாயம் ஊற்றினார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே அந்தச் சீனிக்கட்டி, ஓரமெல்லாம் உதிர்ந்து கிடந்தது. அதை உள்ளங்கையில் வைத்து, வாய்க்குக் கொண்டுபோகாமல் என்னைப் பார்த்தார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார்:

"இங்க வச்சிக்கலாந்தானே புள்ள?"