ஆயாவாக நின்ற ஒரு பகல்

கணவர் போன பிறகு வந்த குளிர்காலத்தில், லண்டன் கோயிலில் பழக்கமான ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "ரீவீக்கு ஒரு சரித்திரத் தொடர் எடுக்கினமாம். எங்கட நிறத்தில வயது போன பொம்பிளையள் வேணுமாம். வாறியளே, அக்கா?"

"ஓம், வாறன்," என்றேன். மறுப்பதென்றால் காரணம் யோசிக்க வேண்டும். அதற்கும் என்னிடம் தெம்பில்லை.

விக்டோரியா மகாராணியின் கடைசிக் காலத்தில் இங்குள்ள சனங்களின் வாழ்க்கை எப்படி மாறியது என்று சொல்லும் தொடர் அது. பெண்கள் அலுவலகங்களில் தட்டச்சு செய்யத் தொடங்கியது, ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது என்று வாரம் ஒரு கதை. எனக்குக் கிடைத்தது ஆயா வேடம். இந்தியாவிலிருந்து திரும்பிய வெள்ளைக்காரக் குடும்பங்கள், கப்பலில் பிள்ளைகளைப் பார்க்க ஆயாக்களைக் கூட்டிவந்தார்களாம். லண்டன் வந்ததும் சிலரை அப்படியே கைவிட்டார்களாம்.

வெள்ளைச் சேலையில், கையில் மூட்டையோடு, ஒரு பழைய வீட்டின் படியில் நின்றேன். உங்களை விட்டுப் போன யாரையாவது நினைத்துக்கொள்ளுங்கள் என்று இயக்குநர் சொல்லியிருந்தார். குதிரை வண்டி புறப்பட்டது. உள்ளிருந்த சின்னப் பிள்ளை கை காட்டியது. ஆஸ்பத்திரிக் கட்டிலும் என் கணவருடைய மூக்குக் கண்ணாடியும் நினைவில் வந்தன. கண்ணீர் வரவில்லை. குதிரைக்கும் குளிருமோ என்றுதான் யோசித்தேன்.

இயக்குநர் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். இதுதான் வேண்டும், அழவே வேண்டாம் என்றார்.

ஒளிபரப்பான ஞாயிற்றுக்கிழமை மகள் ரெய்னர்ஸ் லேனில் உள்ள என் வீட்டுக்கு வந்து என்னோடு இருந்து பார்த்தாள். கண்மூடித் திறப்பதற்குள் நான் வந்து போய்விட்டேன். அவள் திருப்பி ஓட்டி, என் முகத்தில் படத்தை நிறுத்தினாள்.

"அப்பான்ர செத்தவீட்டிலயும் நீங்கள் இப்பிடித்தான் நிண்டனீங்கள், அம்மா. அழேல்லையெண்டு எனக்கு உங்களில சரியான கோவம்."

"தெரியும், பிள்ளை."

"இது நடிப்போ?"

"எனக்கு எங்க நடிக்கத் தெரியும்?"

அவள் என் மடியில் தலை வைத்து அழுதாள். அவளுடைய தலையைத் தடவினேன். வேறு யாருடைய கையோ தடவுவது போல இருந்தது.

பிறகு அவளே எழுந்துபோய்ப் புட்டு அவித்தாள். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இப்போது ஞாயிறுதோறும் வருகிறாள். தொடர் முடிந்துவிட்டது. வேறு எதையாவது போட்டுவிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறோம். அழுகை இன்னும் வரவில்லை. அவளும் அதைப் பற்றிக் கேட்பதில்லை.