பாதி வாடகைக்கு ஒரு வீடு

செகந்திராபாத் போவன்பள்ளியில் அந்த மாடி வீட்டின் கீழ்ப்பகுதிக்கு வீட்டுக்காரம்மா வாடகை சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது, இதற்குள் யாரோ அகாலமாகச் செத்திருக்கிறார்கள் என்பதுதான். அதே தெருவில் அதைவிடச் சின்ன வீட்டுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள். கச்சிபௌலிப் பக்கம் அந்தத் தொகைக்குக் கார் நிறுத்தும் இடம் வேண்டுமானால் கிடைக்கும். முன்பணமும் ஒரே ஒரு மாதம். சென்னையில் பத்து மாத முன்பணம் கொடுத்துவிட்டு வந்த எனக்கு அது சலுகையாகப் படவில்லை, தூண்டிலாகப் பட்டது. சோழியன் குடுமி சும்மா ஆடாது.

என் தொழிலும் சந்தேகப்படுவதுதான். ராமச்சந்திராபுரத்தில் ஒரு சின்னப் பட்டறை. வெளியிலிருந்து வரும் இரும்பு வார்ப்புகளைப் பரிசோதித்து வாங்கும் வேலை எனக்கு. மேலே பளபளப்பாக இருப்பதற்குள்தான் ஓட்டை இருக்கும். தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவேன். சம்பளம் சுமார். மனைவிக்குப் போவன்பள்ளியில் பள்ளி ஆசிரியை வேலை. அதனால்தான் அங்கே மகளுக்குப் பாதிக் கட்டணம். அந்தப் பக்கத்தில் எங்களுக்குக் கட்டுப்படியாகும் வீடு கிடைக்காவிட்டால் அவர்கள் இருவரும் சொந்த ஊரான சேலத்துக்குத் திரும்பிவிடுவது, நான் எங்காவது ஓர் அறையில் பாய் விரித்துக்கொள்வது என்று பேசி முடித்திருந்தோம். மகளுக்கு அப்போது ஆறு வயது. மாதம் ஒருமுறை பெட்டியோடு வந்து போகிற அப்பாவாக இருக்க எனக்கு மனமில்லை.

ஆகவே வீட்டையும் தட்டிப் பார்த்தேன். குழாய்களைத் திறந்து மூடினேன், வீட்டு வரி ரசீதைக் கேட்டேன், தெருமுனை இஸ்திரிக்காரரிடம் சாவு ஏதும் உண்டா என்று விசாரித்தேன். வீட்டுக்காரம்மாவின் கணவர் இறந்தது ஆஸ்பத்திரியிலாம். அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது. கடைசியில் நேராகவே கேட்டுவிட்டேன்.

“ஏன் ஆன்ட்டி வாடகை இவ்ளோ கம்மி?”

வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம் அவருடையது. தமிழோடு இந்த ஊர் உருதுப் பேச்சும் கலந்து வரும்; ‘கைக்கு’ என்றால் ஏன், ‘நக்கோ’ என்றால் வேண்டாம்.

“கைக்குன்னு கேட்டா என்ன தம்பி சொல்றது? நல்ல ஃபேமிலி வந்தா போதும். உங்களுக்கு நக்கோன்னா சொல்லுங்க, வேற ஆளுக்குக் குடுக்கறேன்.”

வேண்டாம் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. பால் காய்ச்சிக் குடியேறினோம்.

பதினொரு மாதம் முடிந்தது. இந்த ஊரில் ஒப்பந்தம் புதுப்பித்து வாடகை ஏற்றும் நேரம் அது. வீட்டுக்காரம்மா ஒரு பைசா ஏற்றாமல் கையெழுத்துப் போட்டார். என் மனைவி வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் ரகம். “ஏத்தினா அழுவீங்க, ஏத்தலைன்னாலும் அழறீங்க. குடுத்தா வாங்கிக்கத் தெரியணும்” என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். ஆனால் அந்த அம்மாவைக் கவனிக்கவும் தொடங்கினேன்.

கவனிக்கக் கவனிக்க, விஷயம் நிறையக் கிடைத்தது. கொம்பள்ளிப் பக்கம் ஒரு ஃப்ளாட் பார்த்தோம் என்று என் மனைவி பேச்சுவாக்கில் சொன்னாள். வாங்கப் போவதில்லை, சும்மா வேடிக்கை பார்த்ததுதான். வீட்டுக்காரம்மாவின் முகம் சுண்டிவிட்டது. மறுநாள் காலை எங்கள் வாசலில் மார்க்கெட்டிலிருந்து வந்த ஒரு பை காய்கறி. எலிப்பொறியில் வைக்கும் தேங்காய்ச் சில்லும் இலவசம்தான் என்றேன் மனைவியிடம். அவள் கத்தரிக்காயை நறுக்கினாள். குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

அவருடைய மகன் சமாச்சாரம் இன்னும் மோசம். கச்சிபௌலியில் பெரிய அபார்ட்மெண்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வரும்போது கேட்டைத் திறந்துகொண்டே என்னை முறைப்பார். வணக்கம் சொன்னால் பதில் கிடையாது. “அவன் கோவக்காரன். நீங்க பேச்சு வெச்சுக்க நக்கோ” என்று வீட்டுக்காரம்மா என்னிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். முன்பின் பேசியறியாத ஒருவனை ஒருவர் முறைப்பார் என்றால், நடுவில் யாரோ ஏதோ ஓதியிருக்க வேண்டும். நெருப்பில்லாமல் புகையுமா? அம்மாவும் பிள்ளையும் சேர்ந்துகொண்டு எதிலோ என்னை மாட்டிவிடப் பார்க்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். எதில் என்றுதான் தெரியவில்லை.

ஒரு நாள் டேப் வைத்துக்கொண்டு ஒருவன் காம்பவுண்டை அளந்தான். யார் என்று கேட்டேன். குழாய் ரிப்பேர் செய்கிறவன் என்றார் வீட்டுக்காரம்மா. குழாய் ரிப்பேர்காரன் எதற்குத் தெருவின் அகலத்தை அளக்கிறான்? அன்று மாலையே மனைவியிடம், வேறு வீடு பார்க்கலாம் என்று சொன்னேன். “இந்த வாடகைக்கா?” என்று மட்டும் கேட்டாள். சேலம் என்ற சொல்லை இருவருமே சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் மாடிக்குப் போகாமல் நேராக எங்கள் வாசலுக்கு வந்தார். நின்றபடியே பேசினார்.

“ப்ரதர், ஸ்ட்ரெய்ட்டா பேசறேன். இந்த வீட்டை பில்டருக்குக் குடுக்கணும். ரெண்டு வருஷமா அவன் வெயிட்டிங். நீங்க காலி பண்ண மாட்டேன்றீங்க. கோர்ட்டுக்குப் போவேன்னு மம்மியை மிரட்டினீங்களாம், உங்க கசின் லாயராம். வாட் டு யு வாண்ட்?”

எங்கள் வம்சத்திலேயே வக்கீல் கிடையாது. யாரும் என்னைக் காலி செய்யச் சொன்னதும் கிடையாது. வாயைத் திறந்தேன். அப்போதுதான் மாடிப்படியில் பாதியில் நின்ற வீட்டுக்காரம்மாவைப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர்கள் அப்படிப் பார்ப்பதில்லை. வீடு கேட்கப் போகும்போது, என்ன சொல்லப் போகிறார்களோ என்று நாங்கள்தான் அப்படிப் பார்ப்போம்.

மகன் விடவில்லை. “மியாப்பூர்ல ஃப்ரெண்டோட ஃப்ளாட் இருக்கு. மூணு மாசம் ரெண்ட் நான் கட்டறேன்.”

“நாலாவது மாசம்?” என்றேன்.

அவர் கார் சாவியை விரலில் சுழற்றினார்.

“நான் போக மாட்டேன்” என்றேன். குரல் நடுங்கியது எனக்கே கேட்டது. அவர் ஆங்கிலத்தில் ஏதோ திட்டிவிட்டு, அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் காரை எடுத்துக்கொண்டு போனார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. குடிவந்த நாளிலிருந்து ஒரு வீட்டில் என்னை வில்லனாக்கி வைத்திருக்கிறார்கள், அது எனக்கே தெரியாது! படியேறிப் போய்ச் சத்தம் போட்டேன்.

“குடுக்க இஷ்டமில்லைன்னா நீங்களே சொல்ல வேண்டியதுதானே ஆன்ட்டி? என்னை எதுக்கு இழுக்கறீங்க?”

“என் கையெழுத்து இல்லாம அவனால ஒண்ணும் பண்ண முடியாது தம்பி. ஆனா பெத்த புள்ள மூஞ்சியைப் பார்த்து மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. வாடகைக்காரர் எந்திரிக்க மாட்டேங்கறார்னு சொன்னா, உங்களைத் திட்டிட்டுப் போயிடறான். என்கிட்ட கோவம் இல்ல.”

“அதுக்கு நான்தான் கெடைச்சேனா?”

“ஹவ்” என்று ஆமோதித்துத் தலையாட்டினார். “உங்களுக்கு முன்னாடி வந்தவங்க எல்லாம் ரொம்ப நல்ல மாதிரி. இவன் சிரிச்சு ரெண்டு வார்த்தை பேசினா மூட்டை கட்டிருவாங்க. நீங்க என்னையே நம்பல. இந்த ஆளு யாருக்கும் மசிய மாட்டார்னு தெரிஞ்சுது. அதான் உங்களுக்கே குடுத்தேன், போகாம இருக்கட்டும்னு குறைச்ச வாடகையை ஏத்தவும் இல்ல.”

இத்தனை நாளும் வீட்டில் திட்டு வாங்கிக் கொடுத்த குணத்துக்கு மாதாமாதம் தள்ளுபடி கிடைத்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அதைக் கேட்டுச் சிரிப்பதா, சண்டையைத் தொடர்வதா என்று புரியாமல் நின்றேன்.

“மகன் வீட்டுக்குப் போயிட்டா உங்களுக்கும் வசதிதானே?”

“ஒரு ரூம் தர்றானாம். நல்ல ரூம்தான். ஆனா ஒரு நாள் அவனுக்கோ மருமகளுக்கோ நான் நக்கோன்னு தோணிச்சுன்னா, அங்கேர்ந்து நான் எங்க தம்பி போவேன்?”

வாடகை வீட்டில் இருக்கிற யாரும் கேட்டுக்கொள்ளும் கேள்விதான் அது. சொந்த வீட்டில் இருப்பவர் வாயிலிருந்து அதை நான் கேட்டதில்லை. கோபம் போய்விட்டது. ஆனாலும் யோசனை ஓடியது: நாளைக்கே பிள்ளை கண்ணைக் கசக்கினால் இந்த அம்மா கையெழுத்துப் போட்டுவிட மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஓர் உத்தரவாதமும் இல்லை. அதையும் தெரிந்துகொண்டுதான் கேட்டேன்.

“அடுத்த தடவை வந்தா என்ன சொல்லணும்?”

“இன்னிக்குச் சொன்னதையே சொல்லுங்க. கொஞ்சம் கோவமா சொல்லுங்க. உங்க குரல் பத்தல.”

அங்கேயே படியில் நின்று, “போக மாட்டேன்” என்று சொல்லிக் காட்டினேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம்” என்றார்.