கயிறு வெட்டிய கத்தரிக்கோல்

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் லாச்சியில், பழைய சீலைத் துண்டொன்றில் சுற்றியபடி ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. தையற்காரர்கள் வைத்திருக்கும் பெரிய, கனத்த கத்தரிக்கோல். அதன் அலகின் நடுவில் சின்னதாக ஒரு துண்டு உடைந்து பள்ளம் விழுந்திருக்கிறது. இனி அது துணி வெட்ட உதவாது. வெட்டினால் அந்த இடத்தில் துணி மாட்டிக்கொண்டு கிழியும். வீட்டைத் துப்புரவு செய்யும்போதெல்லாம் என் மகள் அதை எறியப் பார்ப்பாள், நான் பிடுங்கி வைத்துக்கொள்வேன். வருஷத்தில் ஒரே ஒரு நாள் அதற்கு வேலை உண்டு. அந்த ஒரு நாளுக்காக மிச்ச நாளெல்லாம் அது லாச்சிக்குள் படுத்திருப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அது என் மச்சாளுடையது. என் கணவரின் மூத்த அக்கா அவர். மட்டக்களப்பு நகரத்தில், வாவியை நோக்கிப் போகும் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் இருந்தார். முன் அறையில் தையல் வகுப்பு வைத்திருந்தார். அங்கே சேர்ந்த பெண்பிள்ளைகள் ஊசியில் நூல் கோக்கப் படிப்பதற்கு முன்பு படித்த முதற்பாடம், அந்தக் கத்தரிக்கோலைத் தொடக்கூடாது என்பதுதான். "துணிக்கு மட்டுந்தான்கா இது. கடுதாசி வெட்டினா, கயிறு வெட்டினா, இதுட உசிரு போயிரும்" என்பார். என் கணவர் சின்ன வயதில் பட்டம் கட்ட அதை எடுத்துக் கடுதாசி வெட்டியதும், சித்திரை வருஷம் பிறக்கும்வரை அக்கா அவரோடு பேசாமல் இருந்ததும் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். என் கலியாணச் சட்டையைத் தைத்தவரும் அவர்தான். அளவெடுக்கும்போது தோளில் ஒரு தட்டுத் தட்டி, "நிமிந்து நில்லுகா, எங்கட வீட்டுக்கு வாற பொம்புள கூனிக்கொண்டு வரப்படாது" என்றார். அன்றைக்குக் கொஞ்சம் பயந்துதான் போனேன்.

அவருடைய வீட்டுக்கும் வாவிக்கும் நடுவில் அரச காணி ஒரு துண்டு கிடந்தது. கொட்டங்காய் மரங்களும் பூவரசும் நின்றன. தண்ணீரோரமாகக் கண்ணாப் பற்றை, வேர்கள் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் அலையாத்திப் புதர். அதற்குள் ஊர்க் குப்பை முழுவதும் வந்து சேரும். மீன் கழிவு, உடைந்த போத்தல், பழைய டயர், யாரோ வீசிய மெத்தை. மச்சாள் அந்தக் காணியைத் துப்புரவாக்கப் புறப்பட்டதைப் பற்றி இன்றைக்கு மேடையில் பலர் பெரிதாகப் பேசுகிறார்கள். உண்மையைச் சொன்னால், அவர் ஊருக்குச் சேவை செய்யக் கிளம்பவில்லை. தன் வீட்டு யன்னலைத் திறக்கக் கிளம்பினார். தைத்து முடித்த கூறைச் சட்டையில் மீன் நாற்றம் ஏறிவிட்டது என்று ஒரு மணப்பெண்ணின் தாய் முகத்தைச் சுளித்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமையே வகுப்புப் பிள்ளைகளின் கையில் விளக்குமாற்றைக் கொடுத்து, தானும் ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். களுவாஞ்சிக்குடியில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு, வார இறுதியில் படுத்துக் கிடக்கலாம் என்று நினைத்திருந்த என்னையும் விடவில்லை.

வாவியோடு மாரடிப்பது ஒருநாள் வேலை இல்லை. ஒவ்வொரு மாரியிலும் தண்ணீர் ஏறிப் பாதிக் காணியை மூடும். வற்றும்போது, எங்கெங்கோ உள்ளவர்கள் வீசியதையெல்லாம் எங்கள் கரையில் விட்டுவிட்டுப் போகும். முதல் வருஷம் எனக்கு அழுகை வந்தது. மச்சாள் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அதைப் பார்த்துத்தான் மற்றவர்களும் இறங்கினார்கள். அங்கே தோணி கட்டுகிற அண்ணன் ஒருவர், பழுதான தோணியின் பலகைகளை வைத்து, ஆட்கள் இருக்க நீட்டு வாங்குகள் அடித்துத் தந்தார். கண்ணாவை வெட்டினால் வாவி நன்றாகத் தெரியும் என்று சிலர் சொன்னபோது, "அத வெட்டினா இறால் எங்க ஒதுங்குற? உங்கட வீட்டுச் சட்டிக்குள்ளயா?" என்று கேட்டு அந்தப் பேச்சை முடித்ததும் அவர்தான். காத்தான்குடியிலிருந்து தள்ளுவண்டியில் சர்பத் கொண்டுவரும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் பின்னேரங்களில் அங்கே தரித்து நின்றார். தபால் கந்தோரில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர், ஒரு வாங்கின் வலப்பக்கத்து முனையைத் தன் சொந்தமாக்கிக்கொண்டார். எங்களுக்கே தெரியாமல் அது பூங்காவாகிவிட்டது.

அதற்குப் பிறந்த நாள் வைத்தவரும் மச்சாள்தான். பூங்காவுக்குப் பிறந்த நாளா என்று ஊர் சிரித்தது. "கோயிலுக்குத் திருவிழா இரிக்கி, பள்ளிக்குக் கந்தூரி இரிக்கி, இதுக்கு ஒண்டும் வேணாமா?" என்று கேட்டார். மாரித் தண்ணீர் வற்றி மண் காய்ந்த பிறகு, மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தையல் வகுப்பில் சேர்ந்த வெட்டுத்துண்டுகளையெல்லாம் முக்கோணமாக வெட்டி, நாடாவில் தைத்து, மரத்துக்கு மரம் தோரணமாகக் கட்டுவோம். பள்ளிக்கூடச் சட்டையின் வெள்ளை, கூறைச் சட்டையின் சிவப்பு, பெருநாளுக்குத் தைத்த சல்வாரின் பச்சை, எல்லாம் பக்கம் பக்கமாகக் காற்றில் ஆடும். பெண்கள் அண்ணாந்து பார்த்துத் தங்கள் துணியைத் தேடுவார்கள். "அந்தா பாருங்க, எண்ட மகள்ற நிக்காஹ் துணி" என்று ஒரு உம்மா கத்தியது இன்னும் காதில் கேட்கிறது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தச் செய்தி வந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் அங்கே சாப்பாட்டுக் கடை போடுவதற்குக் காணியைக் குத்தகைக்குக் கேட்டிருக்கிறார். ஆள் புழக்கமில்லாத காணி, சும்மா கிடக்கிறது என்பது அவருடைய வாதம். மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி நேரில் வந்து பார்ப்பாராம். ஆள் புழங்கவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் வேலி விழும். அதற்குப் பிறகு வாவியைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் பிளேன்ரீக்குக் காசு கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

மச்சாள் தூக்கத்தை விட்டார். அந்த வாரம் முழுவதும் எங்கள் தெருவில் வேறு பேச்சே இல்லை. வாங்குகளுக்கு நிறம் பூசினோம். புதுத் தோரணம் தைத்தோம். அதிகாரி வருகிற அன்று விடியவே கூட்டத் தொடங்கி, ஈர்க்கு விளக்குமாற்றின் கோடுகள் மண்ணில் வரிவரியாகத் தெரிய, பின்பக்கமாக நடந்து நடந்து கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து சேர்ந்தோம். திரும்பிப் பார்த்தால் அவ்வளவு அழகு. ஒரு சருகு இல்லை. உடனே மச்சாள் ஒரு தும்புக்கயிற்றை வாங்கி, வாசலுக்குக் குறுக்கே கட்டும்படி தோணிக்கார அண்ணனிடம் சொன்னார். "அவர் வந்து பாத்து முடியும் மட்டும் ஒருத்தரும் உள்ளுக்குப் போகப்படாது. ஒரு கால்தடம் விழப்படாது. சொல்லிப்போட்டன்." சர்பத் வண்டி வெளியே. தோணிகள் அப்பால். தபால் ஐயா வெளியே. பிள்ளைகளை ஈர்க்கைக் காட்டி விரட்டினார். நல்ல கோப்பைகளை அலுமாரிக்குள் பூட்டி, விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கிற ஊர் எங்களுடையது. வாசலை மறித்தது பிழை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் வீட்டுக்குப் போய்க் குளித்து, உள்ளதில் நல்லதை உடுத்துக்கொண்டு வந்து தெருவில் நின்றோம்.

அதிகாரி வரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வாகனத்தால் இறங்கியதும் தெருவை அடைத்து நின்ற எங்களைப் பார்த்து, "என்ன, ஆர்ப்பாட்டமா?" என்று கேட்டார். இல்லை இல்லை என்று எல்லாரும் ஒரே நேரத்தில் சொன்னதே ஆர்ப்பாட்டம் மாதிரித்தான் இருந்தது. அவர் கயிற்றடிக்கு வந்து உள்ளே பார்த்தார். துப்புரவான மண். நிறம் பூசிய வாங்குகள். தோரணம். ஒரு மனுசரும் இல்லை. கூட வந்த உதவியாளர் மெதுவாக, ஆனால் எங்களுக்குக் கேட்கும்படி சொன்னார்: "நல்லா வச்சிருக்கினம் சேர். ஆனா ஆள் புழங்கின அடையாளம் ஒண்டும் இல்லை."

எங்கள் பெருமையே எங்கள் தலையில் மண்ணைப் போட்டுவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. மச்சாளைப் பார்த்தேன். அவர் முகம் அப்படி வெளிறி நான் அதற்கு முன்பு கண்டதில்லை. பிறகு அந்த முகத்தில் கோபம் ஏறியது. அது தன்மேலேயே வந்த கோபம். "சேர், நாங்கதான் மறிச்சி வச்சிரிக்கம்" என்று சொல்லிக்கொண்டு கயிற்று முடிச்சைப் பிடித்து இழுத்தார். தோணி கட்டுகிறவர் போட்ட முடிச்சு. இழுக்க இழுக்க இறுகியது. கடைசி நேரம் வரை தோரணம் தைத்துக்கொண்டிருந்ததால் கத்தரிக்கோல் அவருடைய இடுப்பில் செருகியிருந்தது. அதை எடுத்தார். ஒரு கணம் அதைப் பார்த்தார். நான் அவருடைய கையைப் பிடிக்கப் போனேன், "மச்சாள், அது துணிக்கு" என்று சொல்லியும் விட்டேன். "சும்மா இரிகா" என்றார். மணல் ஏறிய தும்புக்கயிற்றில் அலகை வைத்து, இரண்டு கையாலும் நெரித்தார். இரும்பு முறியும் சத்தமும் கயிறு அறுந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

"ஓடுங்கடி புள்ளயள்! உள்ளுக்கு ஓடுங்க! மண்ணக் கலக்குங்க!"

பிள்ளைகள் பாய்ந்தார்கள். விடியவிலிருந்து நாங்கள் பார்த்துப் பார்த்துக் கூட்டிய மண் ஒரு நொடியில் கலங்கியது. அவர்களுக்குப் பின்னால் பெரியவர்களும் போனோம். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்திருந்தாலும் அப்படி வந்திருக்காது. ஒவ்வொருவரும் நேரே தங்கள் தங்கள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கைக்குழந்தைக்காரிகள் கொட்டங்காய் நிழலுக்குப் போனார்கள். சர்பத் நானாவின் வண்டிச் சில்லுகள், அவை எப்போதும் நிற்கிற பள்ளத்தில் போய் இறங்கின. தோணிக்கார அண்ணன் கண்ணாவுக்குப் பக்கத்தில் குந்தி வலையை விரித்தார். வேட்டியும் சீலையுமாக உடுத்திருந்தோம் என்பதைத் தவிர, அது எங்கள் ஒவ்வொரு நாளின் பின்னேரம்தான். ஒரு வீட்டுக்காரருக்குக் குசினி அடுப்பு எந்தப் பக்கம் என்று தெரிவதுபோல எங்களுக்கு அந்த இடம் தெரிந்திருந்தது.

அதிகாரி பார்த்துக்கொண்டே உள்ளே வந்து, வெயில் தாங்காமல் ஒரு வாங்கின் முனையில் அமர்ந்தார். நானா ஒரு கிளாஸ் சர்பத்தை நீட்டினார். அவர் அதை வாயில் வைப்பதற்குள், தபால் ஐயா ஊன்றுகோலோடு முன்னால் வந்து நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார். என்ன ஐயா என்று அதிகாரி கேட்டதும், மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "ஒண்டுமில்ல சேர். நீங்க இரிக்கிறது எண்ட இடம்."

அதிகாரி ஐயாவைப் பார்த்தார், வாங்கைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு எழும்பி இடம் கொடுத்தார். "இதுக்குமேல எனக்கு என்ன அடையாளம் வேணும்?" என்று தன் உதவியாளரிடம் சொன்னார். யார் தொடங்கியது என்று தெரியாது, பெண்கள் பக்கத்திலிருந்து குரவைச் சத்தம் எழும்பியது. கோயிலிலும் கலியாண வீட்டிலும் போடுகிற குரவை. நிக்காஹ் துணியைக் காட்டிக் கத்திய அந்த உம்மாவும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எங்களோடு சேர்ந்து குரவையிட்டார். அது வாவியின் மறுகரை வரை கேட்டிருக்கும்.

காணி எங்களோடேயே நின்றது. கத்தரிக்கோல்தான் போய்விட்டது. சைக்கிளில் வரும் சாணைக்காரர், பள்ளம் மறைய வேண்டுமென்றால் அலகில் பாதியைத் தேய்க்க வேண்டும் என்றார். மச்சாள் வேண்டாம் என்றுவிட்டார். துணி வெட்டப் புதிதாக ஒன்று வாங்கினார். பழையதைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். வகுப்புப் பிள்ளைகள் அந்தப் பள்ளத்தைப் பற்றிக் கேட்டால், "அதா? நான் மொக்குத்தனமா ஒரு கயிறு கட்டின நான். அதுட விலை" என்பார். சொல்லும்போது குரலில் வெட்கம் துளியும் இருக்காது. அடுத்த மாசியிலிருந்து அதுவே எங்கள் வழக்கமாகிவிட்டது. பிறந்த நாளன்று மண்ணைக் கூட்டி வரி வைப்போம், வாசலில் கயிறு கட்டுவோம், மச்சாள் அந்த முறிந்த கத்தரிக்கோலால் அதை வெட்டுவார், பிள்ளைகள் ஓடிப்போய் மண்ணைக் கலக்குவார்கள். எவ்வளவு பெரிய விருந்தாளி வந்தாலும் கால்தடம் முதலில் பிள்ளைகளுடையதுதான்.

போன மாரியில் மச்சாள் போய்விட்டார். தண்ணீர் ஏறி நின்ற நேரம். கடைசி நாட்களிலும் யன்னலைத் திறந்து வைக்கச் சொல்லி, வாவி எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தார். இவர் இல்லாமல் இது நடக்குமா என்று தெருவில் சிலர் பேசியதும் என் காதில் விழுந்தது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. வற்றிய முதல் சனிக்கிழமை விளக்குமாற்றோடு தனியாகத்தான் போனேன். போய்ப் பார்த்தால், தோணிக்கார அண்ணன் வீட்டார் ஏற்கனவே பாதிக் கரையைத் துப்புரவாக்கியிருந்தார்கள். தையல் படித்துப் போன பெண்கள், இப்போது தாய்மாராகி, பிள்ளைகளோடு நின்றார்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து பறவை பார்க்க வரும் மாணவர்கள் நாலைந்து பேர் முழங்காலளவு சேற்றில் நின்று பிளாஸ்டிக் பொறுக்கினார்கள். பெருமையை மறைத்துப் பேச எனக்குத் தெரியாது: எங்கள் ஊரில் இப்படி ஒரு இடம் இருக்கிறது, அது எங்களுடையது, அதை ஆக்கியது என் மச்சாள்.

மச்சாளின் சுவரிலிருந்து கழற்றிவந்து லாச்சிக்குள் வைத்திருந்த கத்தரிக்கோலை, இந்த மாசிப் பிறந்த நாளன்று எடுத்தேன். தோரணத்தில் அவருடைய சீலைத் துண்டும் ஒன்று ஆடியது. கயிற்றின் முன்னால் நிமிர்ந்துதான் நின்றேன். அலகை வைத்து நெரித்தால், பள்ளத்தில் கயிறு மாட்டிக்கொண்டது. மறுபடி நெரித்தேன். அவருக்கு இருந்த கைப்பலம் எனக்கு இல்லை. "கெதியா ரீச்சர்!" என்று பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல். அதற்குமேல் அவர்கள் பொறுக்கவில்லை. ஒவ்வொருவராகக் குனிந்து கயிற்றின் கீழால் நுழைந்து ஓடினார்கள். அவர்களைப் பிடிக்கப் போன தாய்மாரும் உள்ளே போய்விட்டார்கள். தபால் ஐயாவுக்கு இப்போது முதுகு நன்றாக வளைந்துவிட்டது, குனியவே தேவையில்லாமல் கயிற்றின் கீழால் போய்த் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் ஒருவாறு கயிறு அறுந்து விழுந்தபோது, வெளியில் நின்றது நான் ஒருத்திதான்.